சுவர் அறிந்த ஆழம்

மேட்டூர் அணையின் நிலவரத்தை நாளிதழ்கள் இரண்டு எண்களில் சொல்கின்றன: நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. நிரம்பிய நாளில் 120 அடி, 93.47 டி.எம்.சி. டெல்டாவில் நாற்றுவிடக் காத்திருப்பவர் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் தேடுவார். ஜூன் 12இல் திறப்பார்களா, குறுவை கரையேறுமா, சம்பாவுக்கு மிச்சம் இருக்குமா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. அணைச் சுவருக்கு அந்த எண்ணோடு உறவே இல்லை. அதற்கு முதல் எண் மட்டும் போதும். தன் முதுகுக்குப் பின்னால் காவிரி எத்தனை கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது என்பதைச் சுவர் கேட்பதில்லை. எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று மட்டுமே கேட்கிறது.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாய்ம அழுத்தக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறேன். சில ஆண்டுகளில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, “ஏன் சார், பின்னாடி அவ்வளவு தண்ணி இருக்கே, அது தள்ளாதா?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வரும் ஆண்டு நல்ல ஆண்டு. கேள்வியே வராமல் சூத்திரத்தில் எண்களைப் பிரதியிட்டு விடையின் கீழ் இரட்டைக் கோடு போட்டுவிட்டால் அந்த வகுப்பை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நிறையத் தண்ணீர் என்றால் நிறைய விசை என்று உடம்பு நம்புகிறது. ஆற்றில் இறங்கியவர்கள், வெள்ளம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை அது. ஓடும் நீரைப் பொறுத்தவரை அதில் நியாயமும் உண்டு. நிற்கும் நீர் வேறு. அந்த நம்பிக்கையைக் காகிதத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் முதல் சந்தர்ப்பத்தை இந்தக் கணக்குகள் தருகின்றன.

மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். 120 அடி ஆழம் நிற்கும் இடத்தில், சுவரின் ஒரு மீட்டர் அகலத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு பட்டையாகக் கருதுவோம். 120 அடி என்பது 36.6 மீட்டர். நீர்ப்பரப்பில் நீரின் அழுத்தம் சுழி. அடியில், அடர்த்தி 1000, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, ஆழம் 36.6 மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,59,000 பாஸ்கல். இங்கேதான் அவசரப்படும் கை அந்த அடி அழுத்தத்தையே முழுப் பரப்பாலும் பெருக்கிவிடுகிறது. அப்படிச் செய்தால் விடை இரு மடங்காகும். சுவரின் மேல்பகுதி அந்த அழுத்தத்தைப் பார்த்ததே இல்லை. மேலிருந்து கீழே சீராகக் கூடும் அழுத்தத்துக்குச் சராசரி, அடி அழுத்தத்தில் பாதி. அதைப் பட்டையின் பரப்பான 36.6 சதுர மீட்டரால் பெருக்க, ஏறக்குறைய 65,60,000 நியூட்டன் வருகிறது. எடைக்கணக்கில் 670 டன். ஓர் ஆள் கைகளை விரித்து நின்றால் எட்டும் அகலத்தைவிடக் குறைந்த இடத்தில் 670 டன்!

நீர்மட்டம் 60 அடிக்கு இறங்கும்போது இந்த விசை பாதியாவதில்லை, கால்பங்காகிறது: 167 டன். ஆழம் பாதியானதால் சராசரி அழுத்தம் பாதி. நனைந்திருக்கும் பரப்பும் பாதி. பாதியில் பாதி. மட்டம் வெகுவாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் படம் எடுத்துப் போடுவார்கள். அந்த ஆண்டுகளில் டெல்டாவின் வயிறு காய்கிறது. சுவரோ தன் முழுச் சுமையில் சிறு பங்கைத்தான் சுமந்து நிற்கிறது.

சராசரி எடுக்கும் இந்த வழி செவ்வகச் சுவருக்கு நேர்மையாக நடந்துகொள்ளும்; எல்லா வடிவத்துக்கும் அல்ல. மேலே அகன்று கீழே கூர்ந்து போகும் பள்ளத்தாக்கை அடைத்து நிற்கும் முக்கோணச் சுவரில் பாதி அழுத்தத்தைப் பெருக்கினால் விடை உண்மையைவிட ஒன்றரை மடங்காகிவிடும். பரப்பின் பெரும்பகுதி மேலே, அழுத்தம் குறைந்த இடத்தில் இருக்கிறது அல்லவா? அங்கே கிடைமட்டமாக மெல்லிய கீற்றுகளாகச் சுவரை நறுக்கி, ஒவ்வொரு கீற்றுக்கும் விசை கண்டு கூட்ட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதம் படிக்கும்போது இதே சுவர் திரும்ப வருமானால் அந்தப் பாடத்துக்கு ஓர் அர்த்தம் கிடைக்கும். பெரும்பாலும் வருவதில்லை.

கீற்றுகளாக நறுக்கும் இந்த வேலையை, நுண்கணிதம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். 1548இல் ப்ரூஜ் நகரில் பிறந்த சிமோன் ஸ்டெவின். நீரின் எடை பற்றிய அவருடைய நூல் 1586இல் லெய்டனில் வெளியானது. கற்றவர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் அதை அவர் டச்சு மொழியில் எழுதினார். அறிவியல் பேசத் தன் மக்களின் மொழியே தகுந்தது என்று விரிவாக வாதாடியவர் அவர். தமிழில் இயற்பியல் சொல்லித் தருகிறவன் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். நீர் தாங்கும் செங்குத்துச் சுவரைக் கிடைக்கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் விழும் விசை இதற்குக் குறையாது, இதற்கு மிகாது என்று இரண்டு எல்லைகளுக்குள் நெருக்கி, கீற்றுகளை மெலிதாக்க மெலிதாக்க அந்த எல்லைகள் ஒன்றையொன்று தொட வருவதைக் காட்டினார். விசை, அடி அழுத்தத்தில் பாதியைப் பரப்பால் பெருக்கியதே என்று முடித்தார்.

அவர் வாழ்ந்த நாட்டை நினைத்தால் இது எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும். கடலைவிடத் தாழ்ந்த நிலத்தைக் கரை கட்டிக் காத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். கரைக்கு அந்தப் பக்கம் வட கடல். அந்தக் கடலின் பரப்பு முழுவதும் கரையைத் தள்ளுமானால் எந்த மண்கரையும் ஒரு நாள் நிற்காது. அலையையும் புயலையும் விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டு மீட்டர் ஆழக் கடலைத் தாங்கும் கரையும் இரண்டு மீட்டர் ஆழ வாய்க்காலைத் தாங்கும் கரையும் ஏறக்குறைய ஒரே சுமையைத்தான் சுமக்கின்றன. கடலின் பெருமை கரைமேல் ஏறுவதில்லை. அந்த நாடு இருப்பதற்கே இந்த உண்மைதான் அனுமதி.

நீர்மத்தின் எடை வேறு, அது தரும் விசை வேறு என்பதை ஸ்டெவினுக்குப் பிறகு உலகம் முழுவதும் பேச வைத்தவர் பாஸ்கல். நீர்மங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல், அவர் இறந்து ஓராண்டு கழித்து 1663இல் அச்சானது. உயரமான மெல்லிய குழாயைப் பீப்பாயில் பொருத்திச் சிறிது நீர் ஊற்ற, பீப்பாய் பிளந்தது என்ற கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கதையை விட்டுவிடலாம். அதன் உள்ளே இருக்கும் கணக்கை மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மூடிய தட்டையான பெட்டி. அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். உள்ளே முழுக்க நீர், 100 லிட்டர். மூடியின் நடுவில் ஒரு சதுர சென்டிமீட்டர் துளையிட்டு, ஒரு மீட்டர் உயரக் குழாயை நிறுத்துகிறோம். குழாய் நிரம்ப 100 மில்லிலிட்டர் போதும். எடை 100 கிராம், அரை டம்ளர் தண்ணீர். அதை ஊற்றியதும் பெட்டிக்குள் எல்லா இடத்திலும் ஆழம் ஒரு மீட்டர் கூடிவிட்டது. அடித்தட்டில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கூடுதலாக 100 கிராம் எடைக்குச் சமமான விசை. அடித்தட்டில் இருப்பது பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். ஆகவே கூடுதல் விசை ஆயிரம் கிலோ.

நூறு கிராம் நீர் ஒரு டன்னாக மாறிவிட்டது. இங்கே வகுப்பு விழித்துக்கொள்ளும். அப்படியானால் பெட்டியைத் தராசில் வைத்தால் ஒரு டன் கூடுமா? கூடாது, தராசு 100 கிராம்தான் கூடுதலாகக் காட்டும். மிச்சம் எங்கே போயிற்று? அடித்தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது மூடியைப் பார்க்க வேண்டும். நீர் மூடியையும் தள்ளுகிறது, மேல்நோக்கி. மூடியின் உட்புறம் பத்தாயிரத்தில் துளை போக 9,999 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் கூடுதல் விசை 999.9 கிலோ. கீழே ஆயிரம், மேலே 999.9. கழித்தால் 0.1 கிலோ, அதாவது 100 கிராம்.

இந்தக் கழித்தலைவிட நிறைவு தரும் கழித்தல் பள்ளி இயற்பியலில் அதிகம் இல்லை. முரண்பாடு என்று பாடநூல்கள் பெயர் வைத்தது முரண்பாடே அல்ல. நாம் ஒரு பரப்பை எண்ணாமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான். பெட்டியைப் பிளக்கக்கூடிய விசை உண்மை, தராசு காட்டும் நூறு கிராமும் உண்மை. மூடியை அடிப்பகுதியோடு பிணைத்திருக்கும் பக்கச் சுவர்களும் ஆணிகளும் அந்த ஒரு டன்னைத் தமக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தராசுக்கு அந்தச் சண்டை கேட்பதில்லை.

குளியலறைக் குழாயில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று மாடியில் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 1000 லிட்டர் தொட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கியது கொள்ளளவு. அவர்களுக்கு வேண்டியிருந்தது உயரம். இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கிப் பழைய தொட்டியையே தூக்கி வைத்திருந்தால் அந்தப் பெரிய தொட்டி செய்யாததை அது கொஞ்சமாவது செய்திருக்கும். மருத்துவமனையில் சலைன் பாட்டிலைக் கம்பியின் உச்சியில் தொங்கவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான். நோயாளி எழுந்து நடக்கும்போது பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்கிவிட்டால் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்திருப்போம்.

கணக்கு போடும் முறையைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. எண்களைத் தொடுவதற்கு முன் அம்புக்குறிகள் வரைய வேண்டும். நீர் தொடும் ஒவ்வொரு பரப்பிலும், அந்தப் பரப்புக்குச் செங்குத்தாக, ஆழம் கூடக் கூட நீளும் அம்புகள். ஏன் செங்குத்தாக என்று கேட்டால் “பாஸ்கல் விதி” என்று பதில் வரும். விதியின் பெயர் விளக்கமாகாது. நிற்கும் நீர் ஒரு பரப்பைச் சாய்வாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், பரப்பும் நீரைச் சாய்வாகத் திருப்பித் தள்ளும். பரப்பின் வழியே அப்படித் தள்ளப்படும் நீருக்கு அதை எதிர்த்து நிற்கும் வலு கிடையாது, நழுவி ஓடும். ஓடாமல் நிற்கிறது என்பதே தள்ளல் முழுவதும் செங்குத்து என்பதற்குச் சான்று. நீர் நிற்கிறது என்ற ஒரே செய்தியிலிருந்து இவ்வளவு பெறலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அம்புகள் வரைந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி: மறுபக்கத்தில் என்ன இருக்கிறது? மேட்டூர்க் கணக்கில் வளிமண்டல அழுத்தத்தை நாம் சேர்க்கவே இல்லை. அது சிறிய எண் அல்ல. பத்து மீட்டர் நீருக்குச் சமம். ஆனால் நீர்ப்பரப்பின் வழியே இந்தப் பக்கம் வரும் காற்றழுத்தம் அணையின் மறுபக்கத்தையும் அதே அளவு தள்ளுவதால் இரண்டும் கழிந்துவிடுகின்றன. மறுபக்கத்தில் காற்றில்லை என்றால் என்ன ஆகும் என்பதை 1650களில் மக்டெபர்க் நகரத்து ஓட்டோ ஃபான் கெரிக்கே காட்டினார். சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டிவைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றிய பின், பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்கப் படாத பாடுபட்டார்கள். விசையைக் கணக்கிட அரைக்கோளத்தின் வளைந்த பரப்பை எடுக்கக் கூடாது. பக்கவாட்டு அம்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது வாயின் வட்டப் பரப்பு. அதைக் காற்றழுத்தத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டு டன். ஒரு பக்கத்து எட்டுக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அந்தச் சங்கிலியை ஒரு பெரிய மரத்தில் கட்டியிருந்தாலும் இழுவை குறைந்திருக்காது.

அம்புகளை வரையும்போது பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் பரப்பு அடிப்புறம். பெட்டியில் மூடியை மறந்தது போல, அணையில் அடித்தளத்தை மறக்கிறோம். பாறைக்கும் கட்டுமானத்துக்கும் இடையில் ஊறிப் போகும் நீர் மிகச் சிறிதளவாக இருக்கலாம். ஆனால் அது அணைக்குப் பின்னால் நிற்கும் ஆழத்தோடு தொடர்பில் இருக்கிறது; ஆகவே அந்த ஆழத்தின் அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. எளிய கணக்கொன்று போடலாம். முக்கோணக் குறுக்குவெட்டுள்ள அணை, நீர் உச்சிவரை. கட்டுமானப் பொருள் நீரைப் போல் 2.4 மடங்கு அடர்த்தி. அடித்தளத்தில் நீர்ப்பக்க விளிம்பில் முழு அழுத்தம், எதிர் விளிம்பில் சுழி, நடுவில் சீராகக் குறைகிறது என்று கொண்டால், மேல்நோக்கிய தள்ளல் அணையின் எடையில் 2.4இல் ஒரு பங்கு; ஐந்தில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் கூட. தன் எடையையே நம்பி நிற்கும் அணை, அதில் ஐந்தில் இரண்டை ஊறும் நீரிடம் இழக்கிறது.

பிரான்சில் எப்பினால் அருகே இருந்த பூசே அணை 1895 ஏப்ரலில் உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த பிறகுதான் இந்த மேல்நோக்கிய தள்ளலை வடிவமைப்பில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் பொறியாளர்களிடையே வலுப்பெற்றது. பிரெஞ்சுப் பொறியாளர் மோரிஸ் லெவி அதற்கான விதியை வகுத்தார். அதே 1895 அக்டோபரில்தான் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் பென்னிகுவிக் எழுப்பிய அந்த அணை, அடித்தள்ளலை யாரும் வழக்கமாகக் கணக்கில் எடுக்காத தலைமுறையின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. பின்னாளில் அதற்குச் செய்த பலப்படுத்தல்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குச் சொன்ன விடைகள்தாம்: உச்சியில் கான்கிரீட் சேர்த்து எடையைக் கூட்டியது, உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகு வடங்களால் நங்கூரமிட்டது, பின்புறம் கான்கிரீட்டால் தடிப்பாக்கியது.

அந்த அணையின் நீர்மட்டம் பற்றி இரண்டு மாநிலங்களுக்கு இடையே நடந்த வழக்கில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய எண்கள் 136, 142, 152 அடி. உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடியை உறுதிசெய்தது. 136க்கும் 142க்கும் இடையே உயரத்தில் நாலரை சதவீதம்கூட இல்லை. பாடநூல் பாணியில் நீர்மட்ட எண்ணையே ஆழமாக எடுத்துக்கொண்டால், விசை வர்க்கமாகக் கூடுவதால் 9 சதவீதம். அணையை அதன் பின்விளிம்பில் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புதிறன் கனமாகக் கூடும். அது 14 சதவீதம். 152 அடியில் விசை 136 அடியில் இருப்பதைவிட 25 சதவீதமும் திருப்புதிறன் 40 சதவீதமும் கூடுதல். அணை பத்திரமானதா இல்லையா என்பதை இந்த எண்கள் முடிவுசெய்யா. அதற்கு அணையின் எடை, கட்டுமானத்தின் நிலை, அடித்தள்ளல், நிலநடுக்கம் எல்லாம் வேண்டும். ஆனால் “ஆறு அடிதானே” என்று சொல்கிறவருக்கும், ஆறு அடியில் உலகமே மூழ்கும் என்று சொல்கிறவருக்கும் ஆறு அடி என்றால் எவ்வளவு என்பதை அரைப் பக்கத்தில் சொல்லிவிடுகின்றன. இரண்டு மாநிலத்துப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு அது. இத்தனை ஆண்டுக் கூச்சலில் அந்த அரைப் பக்கத்தை எழுதிப் பார்த்தவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பாடநூல்களில் நீரியல் தூக்கியும் நீச்சல்குளமும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றோடு நம் ஏரி மதகையும் ஒரு கணக்காகச் சேர்க்கலாம். ஏரிக்குள்ளே கற்பலகையில் துளையிட்டு, அதை அடைப்புக் கட்டையால் மூடி, கட்டையைத் தண்டோடு மேலே தூக்கித் திறக்கும் பழைய தூம்பு. துளையின் விட்டம் 15 சென்டிமீட்டர், அதற்கு மேல் நிற்கும் நீர் 3 மீட்டர், துளைக்குக் கீழே கால்வாயில் வெறும் காற்று. கட்டையைக் கிளப்ப எவ்வளவு விசை வேண்டும்? பரப்பு 0.0177 சதுர மீட்டர், அழுத்தம் 29,400 பாஸ்கல், விசை ஏறத்தாழ 520 நியூட்டன், 53 கிலோ. கட்டை, தண்டு இவற்றின் எடை தனி. ஒருவர் மூச்சைப் பிடித்துத் தூக்கலாம், இருவர் எளிதாகத் தூக்கலாம். துளையின் விட்டத்தை இரட்டித்தால் 212 கிலோ; அதைக் கையால் கிளப்ப முடியாது. நிறைய நீர் வேண்டுமென்றால் ஒரு பெரிய துளையைவிடப் பல சிறிய துளைகள் இடுவதே வழி. கணக்கின் அடுத்த பகுதியாக இதைக் கேட்கலாம்: ஏரி பாதியாக வற்றி, துளைக்கு மேல் ஒன்றரை மீட்டர் நீரே நிற்கும்போது கட்டையைக் கிளப்பத் தேவையான விசை பாதியா, கால்பங்கா? மேட்டூர்ச் சுவரில் கால்பங்கு என்று பார்த்தோம். இங்கே பாதிதான், ஏனென்றால் நீர் வற்றினாலும் துளை சுருங்குவதில்லை.